உகந்தவர் அல்லர்

நூற்றிருபத்து நான்கு மணி நேரம். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி, அன்றோடு முப்பத்தோரு தடவை. தலையணை உறைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிக் கட்டிக்கொண்டிருந்த அண்ணி இந்தக் கணக்கையும் போட்டுவிட்டாள். வேண்டுமென்று போடவில்லை. கை எண்ணினால் மனமும் எதையாவது எண்ணும். எழுபத்தோரு நாளைக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் ஒரே ஒரு சொல் பொய் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுடைய நாத்தனார் டயாலிசிஸ் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்த நேரம் அவ்வளவு.

நாத்தனார் அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டுக் கேட்டு, சலவையகத்துக்கு வந்துபோகிற எல்லாரும் அண்ணி என்றார்கள். சபையில் போதகர்கூட ஒருமுறை வாய் தவறி ‘அண்ணி சகோதரி’ என்று கூப்பிட்டுவிட்டு, பிரசங்கத்தைத் தொடர முடியாமல் தண்ணீர் குடித்தார்.

சலவையகம் கீழே, வீடு மேலே. கீழே இரண்டு துவைக்கும் மிஷின், பிழிய ஒன்று, இஸ்திரி போட ஆள் நீளத்துக்குச் சூடான உருளை ஒன்று, பின்பக்கம் வெந்நீர்க் குழாய் ஓடும் உலர்த்தும் அறை. நான்கு விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அங்கே வந்தன. எந்த விடுதியின் துணி எது என்று தெரிவதற்கு ஓரத்தில் நூல் தையல் இருக்கும்: ஸ்டேஷன் பக்கத்து விடுதிக்கு நீலம், ஆற்றங்கரை விடுதிக்குச் சிவப்பு, மற்ற இரண்டுக்கும் பச்சையும் கறுப்பும். அண்ணியின் வேலை கறை பிரிப்பது. விரிப்பை ஒருதரம் உதறிப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். டீக் கறைக்கு வெந்நீர். எண்ணெய்க்கு முதலில் சோப்பு, பிறகு தண்ணீர். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், அதுவும் உடனே. வெந்நீர் பட்டால் ரத்தம் நூலோடு நூலாக வெந்துவிடும். பிறகு யாராலும் எடுக்க முடியாது. பதினைந்து வருடத்தில் அவள் ஒரு விரிப்பைக்கூட அப்படிக் கெடுத்ததில்லை.

துணியில் இருக்கிற ரத்தத்துக்கு அவள் பயந்ததே கிடையாது. அது யாருடையதும் இல்லை. உடம்பிலிருந்து வருகிற ரத்தம் வேறு. மூத்த மகள் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, தையல் போடக் கூட்டிப்போனது நாத்தனார்தான். அண்ணி வீட்டிலேயே இருந்து, மகள் திரும்பி வருவதற்குள் எல்லாப் பாத்திரங்களையும் இரண்டு தடவை கழுவி வைத்திருந்தாள்.

நாத்தனாருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஒன்றரை வருடம். கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டோடு வந்தவள். வந்த முதல் நாளே உருளை மிஷினைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். இப்போது அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஓடுகிறதை மேற்பார்வை பார்த்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. அதைக் குடிக்காமல் சின்னச் சின்ன ஐஸ் கட்டிகளாக்கி, மணிக்கு ஒன்று என்று வாயில் போட்டுக்கொள்வாள். உருளைக்கிழங்கை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடுவாள். “துணிக்குப் போடுற மாதிரி கிழங்குக்கும் ரெண்டு அலசல்” என்பாள்.

அண்ணன் சிறுநீரகம் கொடுக்கிறேன் என்று முதல் நாளே போய் நின்றார். அவருக்குச் சர்க்கரை. ரத்தத்தை எடுத்துப் பார்த்த மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் யாரும் அண்ணியைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காததே அவளுக்குப் பார்த்ததுபோல் இருந்தது. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “நானும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கட்டுமா?” என்று கேட்டாள். கேட்டது அவள்தான். பிறகு அதை அவள் மறுத்ததே இல்லை.

ஆறு வாரம் டெஸ்ட்டுகள். அந்த ஆறு வாரமும் அவள் ஜெபிக்கவில்லை. ஜெபித்தால் என்ன கேட்பாள் என்று அவளுக்கே தெரியும். அதை ஆண்டவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. பொருந்தக் கூடாது என்பதுதான் அது.

கடைசியில் டாக்டரம்மா அவள் கணவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். மேசைமேல் பிளாஸ்டிக் சிறுநீரகம் ஒன்று இருந்தது. பெட்டி மாதிரி இரண்டாகத் திறந்து கிடந்தது.

“நல்லா பொருந்துது. இவ்வளவு நல்லா எங்களுக்கு அடிக்கடி அமையாது,” என்றார் டாக்டரம்மா. “ஆனா இது எங்க வழக்கம், கொடுக்குறவங்ககிட்ட தனியா கேட்டாகணும். உங்களுக்கு முழு மனசா?”

அண்ணி பிளாஸ்டிக் சிறுநீரகத்தை மூட முயன்றாள். அது மூடவில்லை.

“பயமா இருக்கு.”

“எதுக்குன்னு சொல்ல முடியுமா? சில பயத்துக்குப் பதில் இருக்கும்.”

பிள்ளைகளைச் சொல்லலாம், இரண்டு பெண்கள், பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பும் அவள் பயந்தவள்தான். காரணம் என்று ஒன்று இருந்திருந்தால் அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பாள்.

“சும்மாவே பயமா இருக்கு டாக்டர்.”

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “சரி. ‘தானம் செய்ய உகந்தவர் அல்லர்’னு எழுதிடறேன். காரணம் யாருக்கும் சொல்ல மாட்டோம், உங்க வீட்டுக்காரருக்கும்தான். இதுல பொய் ஒண்ணும் இல்ல. மனசு ஒத்துக்காதவங்க உகந்தவங்க இல்லதானே? நாளைக்கு மனசு மாறினா வந்து சொல்லுங்க. மாறலைன்னாலும் யாரும் உங்களத் தப்பா நினைக்க மாட்டாங்க.”

காகிதத்தில் பொய் இல்லைதான். வராந்தாவில் கணவன் பெஞ்சிலிருந்து எழுந்து, “என்ன சொன்னாங்க?” என்று கேட்டபோது, அவள் அந்தக் காகிதத்தை நீட்டியிருந்தால் போதும். அவள், “பொருந்தலையாம்” என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவே இல்லை. எல்லாரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தின் நடுவில், “நம்ம சபையிலேயே ஒரு சகோதரி, தன் சரீரத்துலேர்ந்து பிட்டுக் கொடுக்க முன்வந்தாங்க. தேவ சித்தம் வேற மாதிரி இருந்துச்சு. ஆனா அவங்க முன்வந்தாங்க. நாம எதுல முன்வந்திருக்கோம்?” என்று கேட்டார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ கேக் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அவள் அந்தத் தட்டை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் சலவையகத்தில் நடக்கும். மூட்டைகள் மேலேயே உட்காருவார்கள். இவ்வளவு மெத்தென்ற இருக்கை வேறு எந்த வீட்டிலும் இல்லை என்று பேர். சோப்பு சப்ளை செய்கிற அக்கா எப்போதும் உருக்கமாக ஜெபிப்பாள். “ஆண்டவரே, பொருந்துற ஆள் எங்கேயோ ஒருத்தர் இருக்காங்கப்பா. அவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அவங்க மனசைத் தொடுங்கப்பா.” சோப்பு அக்காவின் முழங்கை அண்ணியின் முழங்கைமேல் பட்டுக்கொண்டிருக்கும். எல்லாரோடும் சேர்ந்து அண்ணியும் ஆமென் சொல்வாள். பத்து வியாழக்கிழமை சொல்லியாயிற்று.

அன்று புதன். ஒன்பதாவது நாளாக மழை. உலர்த்தும் அறையில் கொடிக்குக் கொடி விரிப்புகள் தொங்கின, பெரும்பாலானவை காயவில்லை. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியும். ஸ்டேஷன் விடுதிக்காரர் காலையிலிருந்து நான்கு தடவை போன் பண்ணிவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு, நாத்தனாரை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிக்கொண்டு சலவையகத்து வண்டி வந்து நின்றது. ஓட்டுகிறவருக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பேர். வாழ்க்கையில் எதற்கும் அவசரப்படாத மனிதர். ஒரு கதவைத் திறந்து, மூடி, மறு கதவைத் திறப்பதற்குள் மழை ஒரு சுற்று பெய்து ஓய்ந்துவிடும். நாத்தனார் அவர் குடைக்குக் காத்திருக்காமல் தானே இறங்கி வந்தாள்.

“அவசரத்தோட வண்டியில வந்தா, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவுலயே எனக்கு அடுத்த டயாலிசிஸ் நாள் வந்துடும் போலிருக்கு அண்ணி.”

“ரோடு முழுக்கத் தண்ணி தங்கச்சி. வண்டியா படகான்னு எனக்கே சந்தேகம்,” என்றார் அவசரம். “மொதலாளி, நீலத்துல எவ்ளோ ஏத்தணும்?”

“காஞ்சது நாப்பதுதான். அதையாவது கொண்டுபோய்க் கொடுத்துட்டு அந்தாள் வாயை மூடிட்டு வருவோம்,” என்று அவள் கணவன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். “நீ மேல போய்ப் படு,” என்று தங்கையிடம் சொன்னார். “படுக்கறதுதானே காலைலேர்ந்து பண்ணிட்டு வர்றேன்?” என்றாள் அவள்.

வண்டி போயிற்று. சலவையகத்தில் இரண்டு பெண்களும் மழையும் மட்டும். துவைக்கும் மிஷின் ஒன்று கடைசி அலசலில் இருந்தது.

நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. மிஷினிலிருந்து வந்த அன்று எப்போதும் அப்படித்தான். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்த இடது முழங்கையின் உட்புறம் இரண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“இன்னிக்கு ஜன்னலோரச் சாய்வு நாற்காலி கெடைக்கல,” என்றாள்.

“ஏன், அது உனக்குன்னு வெச்சிருப்பாங்களே?”

“புதுசா ஒரு பொம்பள வந்திருக்கா. மொத நாள். பல்லு தந்தியடிக்குது. நீ அங்க உக்காரு, வெளில மரம் தெரியும், பாத்துக்கிட்டே இருந்தா நேரம் போயிடும்னு சொல்லி உக்கார வெச்சேன். நாலு மணி நேரமும் கண்ணை இறுக மூடிக்கிட்டா, படுபாவி. மரம் வேஸ்ட்டு.”

அண்ணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே விரிப்பு ஒன்றை எடுத்துத் தனியாக மடிக்கப் பார்த்தாள். பெரிய கட்டில் விரிப்பைத் தனியாள் மடிக்க முடியாது. ஒரு முனை தரையில் படும், தரையில் பட்டால் மறுபடி துவைக்க வேண்டும். நாத்தனார் எழுந்து எதிர் முனைகளைப் பிடித்தாள்.

“நீ விடு. கையில ஊசி எடுத்து ரெண்டு மணி நேரம்கூட ஆகல.”

“வலது கையால இழுக்கறேன். இடது சும்மா கூட வரும். இப்படிப் போனா நாளைக்குக் காலைல வரைக்கும் இங்கயேதான் நிப்பீங்க.”

இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து விரிப்பை விறைப்பாக்கினார்கள். சுருக்கம் போக ஒரே சமயத்தில் வெடுக்கென்று இழுக்க வேண்டும். பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனையை முனையோடு சேர்த்து, மறுபடி பின்னால் போக வேண்டும். பல வருடப் பழக்கம், யாரும் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. மூன்று விரிப்பு முடிந்தது. நான்காவது விரிப்பில், பழக்கத்தினாலேயே, நாத்தனார் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தாள்.

முதலில் விரிப்பில் ஒரு பொட்டு தெரிந்தது. அடுத்து நீளமாக ஒரு கோடு. பிறகு அது பெரிதாகிக்கொண்டே போயிற்று.

அண்ணி ஓடினாள். விரிப்பைப் பறித்துச் சுருட்டி, குழாயடிக்கு ஓடிப் பச்சைத் தண்ணீரைத் திறந்து, கறை பட்ட இடத்தை அதன் கீழே பிடித்துக் கசக்க ஆரம்பித்தாள். தண்ணீர் சிவந்து, இளஞ்சிவப்பாகி ஓடியது. இன்னும் கொஞ்சம் அலசினால் போய்விடும் என்று நினைத்தாள்.

“அண்ணி.”

அவள் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி! துணியை அப்புறம் பாத்துக்கலாம். ஆள் இங்க இருக்கேன்.”

நாத்தனார் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது கையைத் தலைக்குமேல் தூக்கி, வலது கையால் பொத்தியிருந்தாள். விரல்களின் இடுக்கு வழியாக ரத்தம் முழங்கைக்கு இறங்கி மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள். சிரிப்பு வந்ததால் கை நடுங்கி, ரத்தம் இன்னும் வந்தது.

“ஐயோ, சிரிக்க வெக்காதீங்க. ஒரு தலையணை உறையை எடுங்க. புதுசு. சின்னதா மடிங்க, பெருசு வேணாம், தீப்பெட்டி அளவுக்கு. எனக்கு இந்தக் கையில பிடிக்க வரல, வழுக்குது. நீங்கதான் அமுக்கணும்.”

“நான் போன் பண்றேன். ஆஸ்பத்திரிக்கு...”

“அவங்க வந்து அமுக்கறதுக்குள்ள உங்க தரை முழுக்கக் கழுவணும். வாங்க. ரெண்டு விரல் போதும்.”

அண்ணி உறையை மடித்தாள். விரல்கள் வேலை செய்தன. மடிப்பது அவற்றுக்குத் தெரிந்த வேலை. மண்டியிட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் கையை எடுத்த அரை நொடியில் அந்த ஓட்டையை அவள் பார்த்துவிட்டாள். மிளகு அளவுதான் இருந்தது. காதுக்குள் இரைச்சல் கேட்டது, கண்ணோரம் கறுத்தது. உறையை வைத்து அழுத்தினாள்.

“ரொம்ப அமுக்கிட்டீங்க. என் கைக்குள்ள மிஷின் ஓடுற மாதிரி ஒரு உறுமல் இருக்கும், தெரியுதா? அது விரல்ல தெரியணும். தெரியலன்னா ஓட்டத்தையே நிறுத்திட்டீங்கன்னு அர்த்தம், அப்புறம் இந்தக் கையே வீணாப்போயிடும்.”

அண்ணி விரலைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

“இப்போ கம்மி. கசியுது பாருங்க. நடுவுல. ம். அங்கதான். அப்படியே.”

விரலுக்கு அடியில் அது தெரிந்தது. மெல்லிய, விடாத அதிர்வு. பூனையின் வயிற்றில் கை வைத்ததுபோல் இருந்தது. இத்தனை நாளாக நாத்தனார் தொட்டுப் பார்க்கச் சொல்லும்போதெல்லாம் அவள் ஏதாவது சாக்குச் சொல்லி நகர்ந்திருக்கிறாள்.

“எவ்ளோ நேரம்?”

“இருபது நிமிஷம். நடுவுல எடுத்துப் பாக்கக் கூடாது. பாத்தா மறுபடி மொதல்லேர்ந்து.”

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. மிஷின் அலசலை முடித்துவிட்டு நின்றது. மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

“முகம் ஏன் இப்படி இருக்கு? ரத்தம் எனக்கா உங்களுக்கா?” என்றாள் நாத்தனார்.

“மயக்கம் வர்ற மாதிரி இருக்கு.”

“வந்தா என் மேலயே விழுங்க. விரலை மட்டும் எடுக்காதீங்க.”

அண்ணி விழவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. அவளுக்கு முழங்கால் வலித்தது. பயம் இம்மியும் குறையவில்லை, விரலும் நகரவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருப்பதை அவள் சற்று ஆச்சரியத்தோடு கவனித்தாள். முதலில் பயம் போக வேண்டும், அதன் பிறகுதான் செய்ய முடியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பத்து வியாழக்கிழமையும் உள்ளுக்குள் அவள் கேட்டது, ‘பயத்தை எடுத்துவிடும் ஆண்டவரே’ என்பதைத்தான். எடுக்கப்படவில்லை. சரி, அப்படியானால் எனக்கு விதித்தது அவ்வளவுதான் என்று இருந்துவிட்டாள். இப்போது விரலுக்கு யாரும் தைரியம் கொடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்தால் ரத்தம் வரும், அதனால் எடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு, என்று மனதுக்குள் சொன்னாள். அதற்குமேல் எதையும் சேர்க்கவில்லை. எழுபத்தோரு நாளில் அவள் சொன்ன முதல் உண்மையான ஜெபம் அது.

“என்ன முணுமுணுக்கறீங்க?”

“ஜெபம்.”

“எனக்கா? வேணாம் அண்ணி. நானே சொல்லணும்னு இருந்தேன். நாளைக்குக் கூட்டத்துல என் பேரை எடுத்துடச் சொல்லப்போறேன்.”

“எதுலேர்ந்து?”

“ஜெபக் குறிப்புலேர்ந்து. எல்லா வாரமும் நான்தான் மொதல்ல. சோப்பு அக்கா அழுது அழுது அவங்களுக்கே சளி புடிச்சுக்குது. தையக்காரர் சம்சாரத்துக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருதாம், அவங்க பேரு கடைசில வருது. அதுக்குள்ள எல்லாருக்கும் கொட்டாவி. என் இடத்தை அவங்களுக்குக் கொடுத்துடலாம்.”

“ஏன் இப்படிப் பேசற? நம்பிக்கை போயிடுச்சா?”

“போகல. நான் ஒண்ணும் சோகமாச் சொல்லல. மிஷின் இருக்கு, நாற்காலி இருக்கு, ஐஸ் இருக்கு. ஓடுற வரைக்கும் ஓடும். நாலு வருஷமோ, அஞ்சோ.” நாத்தனார் பின்தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“உங்களோடது பொருந்தலைன்னு அண்ணன் வந்து சொன்னாரே, அன்னிக்கு நான் மேல போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். நான் அழறேன்னுதானே நீங்க கீழேயே நின்னுட்டீங்க?”

“ஆமா.”

“சிரிச்சுக்கிட்டிருந்தேன். அப்பாடான்னு இருந்துச்சு.”

அண்ணியின் விரல் ஒரு கணம் தளர்ந்து மறுபடி பிடித்துக்கொண்டது. “அப்பாடாவா?”

“பின்ன? பல் டாக்டர்கிட்ட போறதுக்கு மூணு நாள் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்துற ஆளு நீங்க. சின்னவளுக்குத் தடுப்பூசி போட்டப்போ நீங்க வெளில நின்னு காதைப் பொத்திக்கிட்டீங்க. அந்த ஆளு எனக்காக ஆறு வாரம் ஊசிக்குக் கையை நீட்டினீங்க. ஒவ்வொரு தடவையும் பச்சைக் காய் மாதிரி முகத்தோட திரும்பி வருவீங்க, ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்க. எனக்கு அதைப் பாக்கவே முடியல. பொருந்திட்டா இந்தப் பைத்தியம் உண்மையிலேயே கொடுத்துடுமேன்னு எனக்குப் பயம். பொருந்தலைன்னதும், ஆண்டவரே, அவங்க தப்பிச்சாங்கன்னு ஸ்தோத்திரம் சொன்னேன். சத்தியமா.”

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. எட்டு நிமிடம் மீதி இருந்தது.

அந்த எட்டு நிமிடத்தில் அவளுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இனிமேல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. கேட்கவேண்டியவளே விடுதலை கொடுத்துவிட்டாள். நாளைக்குப் பேரையும் எடுத்துவிடுவாள். சோப்பு அக்கா தையல்காரர் மனைவியின் கண்ணுக்காக அழுவாள். ஆமென் சொல்வதில் எந்த உறுத்தலும் இருக்காது. அவளை யாரும் நெருக்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவுமில்லை. பின்னால் ஒரு கதவு திறந்திருந்தது. போகலாம்.

அவள் போக விரும்பவில்லை. அதுதான் அவளுக்குப் புதிதாக இருந்தது. நெருக்குவதுபோல் இருந்தபோது எந்த இடத்தில் பயம் மட்டும் இருந்ததோ, அந்த இடத்தில் இப்போது பயத்தோடு கூட வேறொன்றும் இருந்தது. இந்தப் பெண் ஜன்னலோர நாற்காலியைக் கொடுத்துவிட்டாள், ஜெபத்தில் தன் இடத்தையும் கொடுக்கப் போகிறாள். இருந்த தண்ணீரையும் ஐஸாக்கி வைத்துக்கொண்டு, தப்பித்தவளுக்காக ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று அண்ணிக்கு ஆசையாக இருந்தது. ஆசை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். மகள்களுக்குத் துணி எடுக்கும்போது வருமே, அந்த மாதிரி.

ஒரு மணிக்கு நாத்தனார், “இப்போ மெதுவா எடுங்க,” என்றாள். அண்ணி எடுத்தாள். உறை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஓட்டையின் மேல் கருஞ்சிவப்பாகச் சின்ன மூடி போட்டிருந்தது. ரத்தம் வரவில்லை. மாடியிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்து வந்து ஒட்டினாள். தரையைத் துடைத்தாள். நாத்தனாரின் கையை முழங்கையிலிருந்து விரல்வரை ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“ஆஸ்பத்திரியில இந்தக் கவனிப்பெல்லாம் கெடையாது,” என்றாள் நாத்தனார். “குழாயடியில அந்த விரிப்பு கிடக்கு பாருங்க. கறை நிக்கப் போவுது.”

“நிக்கட்டும்.”

“என்னது? யார் பேசறது?”

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவள் கணவன் மழைக்கோட்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் அவசரம் ஒரு மூட்டை அழுக்குத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடி அசைந்து வந்தார். தங்கை தரையில் உட்கார்ந்திருப்பதையும், அவள் மடியில் இருந்த ரத்தத்தையும் பார்த்துக் கணவன் அப்படியே நின்றுவிட்டார்.

“ஒண்ணும் இல்லண்ணே, பிளாஸ்திரி விட்டுடுச்சு,” என்றாள் நாத்தனார். “அண்ணிதான் அமுக்கினாங்க. இருபது நிமிஷம். நம்புவியா? மொதல்ல போய்த் துணியைத் துவைச்சாங்க, அது வேற கதை.”

“இவளா?” என்றார் அவர்.

“அண்ணியா?” என்று அவசரமும் மூட்டையை இறக்காமலே கேட்டார்.

அண்ணி ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

“நாளைக்குக் காலைல டாக்டரம்மாவைப் பாக்கப் போகணும்,” என்றாள்.

“கண்டிப்பா. கையைக் காட்டிடணும்,” என்றார் கணவன்.

“அதான் நின்னுடுச்சே. எதுக்கு வீணா?” என்றாள் நாத்தனார்.

“கையைக் காட்ட இல்ல. நான் பாக்கணும். நீயும் வா. நீங்களும் வாங்க, வெளில பெஞ்சுல உக்கார வேணாம், உள்ளயே வாங்க.”

“உனக்கு என்ன உடம்புக்கு?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. அதைத்தான் சொல்லப்போறேன்.” அவள் நாத்தனாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். “நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் எதுவும் கேக்காதீங்க. கேட்டா மறுபடி பயந்துடுவேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு.”

அவசரம் மூட்டையைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். நாத்தனாரின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது.

“அன்னிக்கு வராந்தாவுல நான் உங்ககிட்ட சொன்னது பொய். டாக்டர் அப்படிச் சொல்லல. நான்தான் முடியாதுன்னுட்டேன்,” என்றாள் அண்ணி. “பொருந்துச்சு. எழுபத்தோரு நாளைக்கு முன்னாடியே, என்னோடது பொருந்துச்சு.”